அடுத்தவன் மடை

மணிலாவின் நெரிசலைத் தாண்டத்தான் நேரம் பிடிக்கிறது. தெற்கு லூசோன் விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் கலம்பா வந்துவிடும். அங்கிருந்து ஜீப்னி பிடித்தால் லாஸ் பான்யோஸ். இடப்பக்கம் வீடுகளுக்கு நடுவே விட்டுவிட்டுத் தெரியும் லகூனா தே பாய் ஏரி, வலப்பக்கம் மேகத்தை இறக்கி வைத்துக்கொண்டு நிற்கும் மகிலிங் மலை. வெந்நீர் ஊற்றுகளை நம்பிப் பிழைக்கும் விடுதிகள், இளந்தேங்காய் வழுக்கையை அடைத்துச் சுட்ட பண்டத்தைப் பெட்டி பெட்டியாக விற்கும் கடைகள். சுற்றுலாவாக வருகிறவர்களுக்கு இவையே போதும். நான் வந்தது ஒரு நோயைப் பார்க்க.

காவிரிப் படுகையில் அதை இலைக்கருகல் என்கிறோம். வேளாண் அலுவலர்கள் அந்தப் பெயருக்கு முன்னால் 'பாக்டீரியா' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். இலையின் நுனியில் தொடங்கி, இரு ஓரங்களிலும் அலையலையாக மஞ்சள் இறங்கி, பிறகு வைக்கோல் நிறமாகக் காய்ந்துபோகும். பொதிப்பருவத்துக்கு முன்னால் கடுமையாக வந்தால் கண்டுமுதலில் பாதிகூடப் போகும். மருந்து அடித்துத் தீர்க்கிற நோய் இல்லை இது. அதனால்தான் உலகம் முழுவதும் இதற்கான விடையை நெல்லுக்குள்ளேயே தேடுகிறார்கள். அந்தத் தேடலில் பெரும்பகுதி நடந்த இடம் லாஸ் பான்யோஸ். 1960-இல் இங்கே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1966-இல் ஐ.ஆர். 8 வெளிவந்தது இந்த வயல்களிலிருந்துதான். எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை இதன் தலைமை இயக்குநராக இருந்தார்.

நோயின் பழங்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1884-இல் ஜப்பானின் ஃபுகுவோகா வட்டாரத்து விவசாயிகள் இதை முதலில் கவனித்தார்கள். மண்ணின் புளிப்பு என்று சந்தேகித்தார்கள். பனித்துளியைக் குற்றம் சொன்னார்கள். பனித்துளியைச் சொன்னவர்கள் உண்மைக்கு வெகு அருகில் போயிருந்தார்கள். இந்தோனேசியாவில் நாற்றுகளை வாடவைத்துக் கொன்ற 'க்ரெசெக்' என்ற நோயும் இதுவே என்பது பல காலம் கழித்துத்தான் தெரிந்தது. இந்தியாவில் 1963-இல் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் கொள்ளைநோயாகப் பரவியபோதுதான் நாடு இதைத் திரும்பிப் பார்த்தது.

நிறுவனத்தின் வயல்களைச் சுற்றிக் காட்ட வந்தவர் கும்பகோணம் பக்கத்து ஆராய்ச்சி மாணவி. அப்பா இன்னும் விவசாயம் பார்க்கிறார், சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறார் என்று நடந்துகொண்டே சொன்னார். காலை ஆறரை மணி இருக்கும். முந்தைய வாரம் லூசோனின் வடக்கே ஒரு புயல் உரசிப் போயிருந்தது. இங்கே வெறும் காற்றும் மழையும்தான். ஆனாலும் இலைகள் ஒன்றோடொன்று உரசி ஓரங்கள் கிழிந்திருந்தன. ஒவ்வோர் இலை நுனியிலும் ஒரு துளி நீர் நின்றது.

"இது பனி இல்லைண்ணா. பயிர் தானே வெளியே தள்ளுற தண்ணி. ராத்திரி வேர் தண்ணிய ஏத்திக்கிட்டே இருக்கும், ஆவியாகாது. அதனால நுனியிலயும் ஓரத்துலயும் இருக்கிற துளை வழியா வெளியே வரும். வெயில் ஏறினதும் அந்தத் துளி திரும்ப உள்ளே போகும். பாக்டீரியா அதுலதான் ஏறிக்கிட்டு உள்ளே போகுது."

கதவு அங்கேதான் இருக்கிறது. நுனியிலிருந்து நோய் இறங்குவதற்குக் காரணமும் அதுதான். புயலடித்த வயலில் நோய் பாய்வதும் இதே காரணத்தால். ஓரத்தில் ஏற்பட்ட ஒவ்வொரு கிழிசலும் இன்னொரு வாசல். பயிர் தன் அதிகப்படி நீரை வெளியேற்ற வைத்திருக்கும் வழியே எதிரியின் வழியாகிவிடுகிறது.

அவர் நோயுற்ற ஓர் இலையைக் கத்தரித்து, கண்ணாடி டம்ளரில் இருந்த தெளிந்த நீரில் வெட்டுமுனையை முக்கிப் பிடித்தார். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் ஓர் இழை நீருக்குள் இறங்கியது. அந்த இழை முழுவதும் பாக்டீரியா. பூஞ்சை நோயா, சத்துக் குறைவா, இதுவா என்று வயலிலேயே தெரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை இல்லை. நம் ஊர் வயல்வரப்பிலும் எவரும் செய்து பார்க்கலாம். விரிவாக்கப் பணியாளர் ஒவ்வொருவரும் இதைச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கண்ணாடிக்கூரை வேய்ந்த வளர்ப்புக் கூடத்தில் இன்னொன்றைப் பார்த்தேன். நெல்லுக்கு நோய் வரவழைத்துச் சோதிக்கும் முறை. ஒரு கத்தரிக்கோல், பாக்டீரியா கலந்த நீர். கத்தரியை அதில் தோய்த்து இலை நுனிகளை நறுக்குகிறார்கள், வேறொன்றும் இல்லை. பதினான்கு நாள் கழித்து வெட்டுவாயிலிருந்து கருகல் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளவுகோலால் அளக்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வகுத்த இந்த முறையைத்தான் இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். வரிசையாக இருந்த தொட்டிகளில் ஒன்றில் இலை அடிவரை கருகியிருந்தது. பக்கத்துத் தொட்டியில் வெட்டிய இடத்தோடு நின்றிருந்தது. இரண்டும் ஐ.ஆர். 24 ரகம்தான். இரண்டாவதில் ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை ஏற்றியிருக்கிறார்கள். ஒரு மரபணுவால் இத்தனை வித்தியாசம் எப்படி வருகிறது?

அதைப் புரிந்துகொள்ள இந்தப் பாக்டீரியாவின் பிழைப்பைப் பார்க்க வேண்டும். சாந்தோமோனாஸ் ஒரைசே நெல்லின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வேரிலிருந்து நீர் ஏறும் சைலக் குழாய்களில்தான் குடியிருக்கிறது. அந்த நீரில் சத்து மிகக் குறைவு. இலை சமைக்கும் சர்க்கரை வேறு வழியில் போகிறது. பெருகுவதற்கு அதற்குச் சர்க்கரை வேண்டும். சர்க்கரையோ செல்லின் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

முதலில் சுவரைக் கரைக்கும் நொதிகளை வெளியேற்றுகிறது. ஆனால் சுவர் சேதமானால் நெல்லுக்குத் தெரிந்துவிடும். உடனே சுவரைத் தடிப்பாக்கும், தற்காப்பில் இறங்கும். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ரமேஷ் சோண்டியின் குழு இதைத் தெளிவாகக் காட்டியது: பாக்டீரியாவின் நொதியே நெல்லை விழிக்கச் செய்கிறது, அதே பாக்டீரியாவின் வேறு புரதங்கள் அந்த விழிப்பை அடக்குகின்றன. அடக்கும் புரதங்கள் போய்ச் சேர்வது ஒரு நுண்குழல் வழியாக. பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து நீளும் அந்தக் குழல் நெல்லின் செல்லைத் தொட்டு, புரதங்களை நேராக உள்ளே செலுத்துகிறது. பாக்டீரியா வெளியே நிற்க, அதன் புரதங்கள் உள்ளே வேலை பார்க்கின்றன.

அவற்றில் ஒரு குடும்பம் டால் புரதங்கள். இவை செல்லின் உட்கருவுக்கே போகின்றன. அங்கே நெல்லின் டி.என்.ஏ.வில், சுமார் 40 கோடி எழுத்துகளில், தமக்கு வேண்டிய ஒரு சிறு தொடரைத் தேடி அதன்மேல் அமர்கின்றன. அந்தத் தொடர் ஒரு மரபணுவின் முகப்பில் இருக்கிறது. புரதம் அமர்ந்ததும் மரபணு இயங்கத் தொடங்குகிறது. அது எந்த மரபணு என்பதில்தான் விஷயம் இருக்கிறது: 'ஸ்வீட்' என்று பெயரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது, செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே விடும் வாயிலைக் கட்டுவது. நெல் தன் தேவைக்கு, தன் நேரத்தில், மணிக்குச் சர்க்கரை ஏற்றுவதற்காக வைத்திருப்பது. நடுராத்திரியில் அடுத்தவன் வந்து நம் மடையைத் திறந்து தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்வதைப் படுகையில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடையும் நம்முடையது, தண்ணீரும் நம்முடையது, கரை எங்கும் உடைந்திருக்காது. வெளியே கசியும் சர்க்கரையில் பாக்டீரியா கோடிக்கணக்கில் பெருகுகிறது. குழாய் அடைபட்டு இலை காய்கிறது.

ஒரு புரதம் எப்படி எழுத்துகளை அடையாளம் காண்கிறது என்ற புதிர் 2009-இன் இறுதியில் அவிழ்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் உல்லா போனாஸ், யென்ஸ் போச் குழுவும், அமெரிக்காவின் அயோவாவில் மேத்யூ மாஸ்கூவும் ஆடம் போக்டனோவும் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டார்கள். டால் புரதத்தின் நடுவில் பெரும்பாலும் 34 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. 12-ஆவது, 13-ஆவது இடங்கள் மட்டும் துண்டுக்குத் துண்டு மாறுகின்றன. அந்த இரண்டு இடங்களும் சேர்ந்து டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தைக் குறிக்கின்றன. இருபது துண்டு இருந்தால் இருபது எழுத்து. புரதத்தைப் பார்த்தாலே அது நெல்லில் எங்கே போய் உட்காரும் என்று முன்கூட்டிச் சொல்லலாம். இயற்கையில் இத்தனை நேரான ஒரு கணக்கைக் காண்பது அரிது. முதன்முறை படித்தபோது எனக்கு வந்த வியப்பு இந்தக் கூடத்தில் நின்றபோதும் அப்படியே இருந்தது.

"அப்படின்னா அந்த ஸ்வீட் மரபணுவையே எடுத்துட்டா?" என்று கேட்டேன்.

"எடுக்க முடியாதுண்ணா. ஸ்வீட்-11 போனா மகரந்தம் சரியா வராது, மணி பால் பிடிக்காது. எல்லாம் பதராப் போயிடும். வாயிலை விட்டுட்டு, முன்னாடி இருக்கிற எழுத்தை மட்டும் மாத்தணும். நெல்லுக்கு அந்த மாத்தத்தால ஒண்ணும் ஆகாது. பாக்டீரியாவுக்குத்தான் இடம் தெரியாமப் போகும்."

இதை மனிதர்கள் யோசிப்பதற்கு முன்பே நெல் செய்திருக்கிறது. எக்ஸ்.ஏ.13 என்று பெயர் வைத்து விவசாய விஞ்ஞானிகள் வெகுநாளாகப் பயன்படுத்தி வந்த எதிர்ப்பு மரபணு வேறொன்றுமில்லை, முகப்பு எழுத்துகள் மாறிப்போன ஸ்வீட்-11 தான். பிலிப்பைன்ஸின் மிகக் கொடிய வகையான பி.எக்ஸ்.ஓ.99-இன் புரதம் அதன்மேல் அமர முடிவதில்லை. எக்ஸ்.ஏ.5 இன்னொரு வழி: மரபணுவை இயக்க டால் புரதம் பற்றிக்கொள்ளும் நெல்லின் ஒரு பொதுப் புரதத்தில், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, பிடி கிடைப்பதில்லை. மூன்றாவது வழி இன்னும் துணிச்சலானது. எக்ஸ்.ஏ.27, எக்ஸ்.ஏ.7 போன்றவற்றில் நெல், பாக்டீரியா தேடும் அதே எழுத்துத் தொடரை ஒரு கொலை மரபணுவின் முகப்பில் வைத்திருக்கிறது. புரதம் வந்து அமர்ந்தால் அந்தச் செல் அங்கேயே செத்துவிடுகிறது, அதோடு நோயும் நின்றுவிடுகிறது.

மறுநாள் கலாவானுக்குப் போனோம். லாஸ் பான்யோஸிலிருந்து பாய் ஊர் வழியாக ஜீப்னியில் போகலாம். அன்னாசிக்குப் பேர்போன ஊர். இங்கே ஒரு விவசாயியின் நிலத்தில், நோய் ஆண்டு முழுவதும் தங்கியிருக்கும் இடத்தில், தொண்ணூறுகளில் தொடங்கிய ஆராய்ச்சி பதினோரு ஆண்டு நடந்தது. எக்ஸ்.ஏ.7 ஏற்றிய நெல்லை அதே நிலத்தில் நட்டு நட்டுப் பார்த்தார்கள். ஒற்றை எதிர்ப்பு மரபணு சில ஆண்டுகளில் தோற்றுவிடும் என்பதே அதுவரை பட்டறிவு. இது தோற்கவில்லை.

ஏன் என்பதில்தான் நான் இங்கே வந்த காரணம் இருக்கிறது. எக்ஸ்.ஏ.7 கண்டுகொள்ளும் பாக்டீரியப் புரதம், ஸ்வீட் குடும்பத்தின் இன்னொரு மரபணுவான ஸ்வீட்-14-ஐத் திறக்கும் அதே புரதம். மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால் பாக்டீரியா அந்தப் புரதத்தை மாற்ற வேண்டும். மாற்றினால் சர்க்கரை குறையும். கலாவான் வயலில் அப்படி மாறிய பாக்டீரியாக்கள் கிடைத்தன. அவை பலவீனமாக இருந்தன, பெருகிப் பரவ முடியவில்லை. எதிரிக்கு எது உயிர்நாடியோ அதைக் குறிவைக்கும் எதிர்ப்புதான் நிலைக்கும். எதிரி விட்டுக்கொடுக்கக்கூடிய ஒன்றைக் குறிவைத்தால் அவன் அதை விட்டுவிட்டு வந்துவிடுவான். இந்த நிலத்து அளவுகள் இன்னொன்றையும் காட்டின. வெப்பம் ஏறும்போது பல எதிர்ப்பு மரபணுக்கள் சோர்ந்துபோக, எக்ஸ்.ஏ.7 வெப்பத்தில் இன்னும் நன்றாக வேலை செய்தது. லாஸ் பான்யோஸில் 1979 முதல் 2003 வரை இரவு வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. இந்த நிலையில் இது சின்னச் செய்தி இல்லை.

வரப்பில் நின்றிருந்த முதியவர் ஒருவரிடம் மாணவி தகலோக் மொழியில் பேச்சுக் கொடுத்தார். யூரியா விலை, களையெடுக்க ஆள் கிடைக்காதது, மகன் மணிலாவில் ஓட்டுநர் வேலைக்குப் போனது. கேட்கக் கேட்க எனக்குத் திருவிடைமருதூர்ப் பக்கம் நிற்பதுபோல் இருந்தது.

திரும்பி வந்து விதைக் காப்பகத்துக்குள் போனபோது குளிருக்குக் கோட்டு மாட்டிவிட்டார்கள். 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகள். நீண்டகாலச் சேமிப்பு அறை மைனஸ் 20 டிகிரியில் இருக்கிறது. இங்கே நான் தேடிய பெயர் டி.கே.எம். 6. திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது, ஜி.இ.பி. 24 அதன் பெற்றோரில் ஒன்று. அதன் வழி கிச்சிலிச் சம்பா வரைக்கும் போகிறது. லாஸ் பான்யோஸில் இந்த டி.கே.எம். 6-ஐச் சேர்த்துப் பெற்ற ரகம்தான் 1969-இல் வெளிவந்த ஐ.ஆர். 20; பிறகு தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து பல்லாண்டு நம் வயல்களை ஆண்டது. டி.கே.எம். 6-இல் இருந்த எக்ஸ்.ஏ.4 என்ற மரபணு இலைக்கருகலைத் தாங்கும் ஆற்றலை ஆசியாவெங்கும் கொண்டுபோனது. செல்சுவரை உறுதியாக்குவதன் மூலம் அது வேலை செய்கிறது என்பது 2017-இல்தான் தெரிந்தது. திரூரில் அந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மரபணுவைப் பற்றி எதுவும் தெரியாது. வயலில் எது நிற்கிறது என்று பார்த்துத் தேர்ந்தார்கள்.

ஆனால் எக்ஸ்.ஏ.4 ஒன்றையே எங்கும் நட்டதற்கு விலை கொடுக்க வேண்டிவந்தது. எழுபதுகளில் பிலிப்பைன்ஸ் வயல்களில் பாக்டீரியாவின் முதல் இனம் ஒடுங்கி, எக்ஸ்.ஏ.4-ஐ மீறும் இரண்டாம் இனம் மேலே வந்தது. அடுத்த பெரிய உதவி ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்தது. மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்றிலிருந்து எக்ஸ்.ஏ.21-ஐ குருதேவ் குஷ்ஷின் குழு இங்கே பயிர்நெல்லுக்குக் கொண்டுவந்தது; 1995-இல் கலிஃபோர்னியாவில் பமேலா ரொனால்டின் குழு அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது. எக்ஸ்.ஏ.21 செல்லுக்கு வெளியே நின்று காவல் காக்கிறது. நெல்லின் சொந்த வளர்ச்சி ஹார்மோனை ஒத்த ஒரு சிறு புரதத்தைப் பாக்டீரியா வெளியேற்றுகிறது. அதை இந்தக் காவல் புரதம் கண்டுகொள்கிறது.

எக்ஸ்.ஏ.21, எக்ஸ்.ஏ.13, எக்ஸ்.ஏ.5 மூன்றையும் சேர்த்து ஹைதராபாத்தின் இரண்டு ஆய்வு நிறுவனங்கள் சம்பா மசூரியில் ஏற்றின. 2008-இல் மேம்படுத்திய சம்பா மசூரி வெளிவந்தது. நாம் பி.பி.டி. என்றும் ஆந்திரா பொன்னி என்றும் வாங்கி உண்ணும் அதே அரிசி. மரபணு மாற்றம் இல்லை; மரபணு அடையாளங்களைப் பார்த்துப் பார்த்து ஒட்டுச் சேர்த்ததுதான். இத்தனை நல்ல ரகம் படுகையின் ஒவ்வொரு விதைக்கடையிலும் கேட்டவுடன் கிடைக்க வேண்டும்.

2012-இல் அயோவாவில் பிங் யாங்கின் குழு, டால் புரதத்தின் எழுத்தறியும் பகுதியோடு ஒரு வெட்டும் நொதியை இணைத்து, நெல்லின் ஸ்வீட்-14 முகப்பில் சில எழுத்துகளை அகற்றியது. நோயை உண்டாக்கிய புரதத்தைக் கொண்டே நோய்க்கு இடம் இல்லாமல் செய்தார்கள். 2019-இல் ஸ்வீட் 11, 13, 14 மூன்றின் முகப்புகளையும் திருத்திய ஐ.ஆர். 64 நெல் வந்தது. அதே ஆண்டு தான்சானியாவில் ஆசிய வகைப் பாக்டீரியா பரவியது. அங்கும் இந்த வழியில் கொம்போகா என்ற ரகத்தைத் திருத்தினார்கள். எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை இருக்கிறது. அதைவிட, கூடையில் எத்தனை வகை விதை இருக்கிறது என்பதில் அக்கறை இருக்கிறது. எக்ஸ்.ஏ.4-இன் கதையை ஒருமுறை பார்த்தவர்கள், திருத்திய ஒரே ரகத்தை ஆயிரக்கணக்கான மைலுக்கு நடச் சொல்ல மாட்டார்கள்.

அன்று மாலை விடுதி வாசலில் மாணவி ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"நாத்து நுனியைக் கிள்ள வேண்டாம்னு நடவு ஆளுங்ககிட்டச் சொல்லுப்பா. இங்க நோய் வரவைக்கணும்னா அதைத்தான் நாங்க செய்யறோம். கத்தரிக்கோலால நறுக்கி விடறோம்."

"கிள்ளாம எப்படிம்மா? நாத்து முத்திப் போச்சு. முழங்கால் உசரம் நிக்குது. அப்படியே நட்டா காத்துக்குச் சாஞ்சுடும்."

"வயசு ஏறுறதுக்குள்ள நட்டிருக்கணும்."

"வாய்க்கால்ல தண்ணி எப்ப வரும்னு நீ சொல்லு, நாத்துக்கு எப்ப விதைக்கணும்னு நான் சொல்றேன்."

மாணவி கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு, கிள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் கருகல் தெரியும் நாற்றங்காலை ஒதுக்கிவிடச் சொன்னார். யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடவும், நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாமல் வடிகாலில் இறக்கவும் சொன்னார். அடுத்த ஆண்டு இரண்டு மா நிலத்தில் மட்டுமாவது மேம்படுத்திய சம்பா மசூரி போடலாமா என்று கேட்டார். விதை எங்கே கிடைக்கும் என்று அப்பா கேட்டார். ஹைதராபாத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார்.